செத்த காலேஜும் உயிருள்ள ஜனங்களும்

1

சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். 1851இல் மியூசியம் தொடங்கப்பட்டது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். அதனால் காலேஜ் என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 1854இல் மியூசியம் பாந்தியன் சாலைக்கு மாறியபோது சொல்லும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டு முதல் தலைவர் எட்வர்ட் பால்ஃபர் அதே வளாகத்தில் சில உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். அவை பின்னால் வேறிடம் போய் உயிர் காலேஜ் ஆயின. பாடம் செய்த புலியும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் ஜாடிகளில் ஊறும் பாம்புகளும் எழும்பூரிலேயே தங்கின. காணும் பொங்கலன்று குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்த கூட்டம், தான் பார்த்ததற்குத் தானே பெயரிட்டது.

ஒரு ஸ்தாபனத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஜனங்களின் இந்த வகைப்பாட்டில் இரண்டே இனங்கள்: செத்தது, உயிருள்ளது. 1885 முதல் 1908 வரை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளின் ஆசிரியராக அவரை நாம் எல்லோரும் அறிவோம். திண்ணைப் பேச்சிலும் முனைவர் பட்ட ஆய்விலும் சாதிச் சங்க மலரிலும் அவர் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார். ஆனால் அவர் ஒரு இயற்கை விஞ்ஞான மியூசியத்தின் தலைவர், கடற்பஞ்சும் சங்கும் சேகரித்தவர், என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் அந்த ஏழு தொகுதிகளைப் படிக்க முடியாது என்பது என் எண்ணம்.

2

தர்ஸ்டன் 1855இல் பிறந்தார். லண்டன் கிங்ஸ் காலேஜில் மருத்துவம் படித்தார். அந்தக் கல்லூரியின் மியூசியத்தில் காப்பாளராகவும் இருந்தார். சென்னைக்கு வரும்போது அவருக்கு 30 வயது. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களில் பால்ஃபரும் ஜார்ஜ் பீடியும் மருத்துவர்கள். மியூசியங்கள் டாக்டர்கள் கையில் இருந்தது தற்செயல் அல்ல. அந்த நாளில் இயற்கை விஞ்ஞானத்துக்குள் நுழைய மருத்துவமே பெரிய வாசல். அறுப்பது, பிரிப்பது, ஸ்பிரிட்டில் போடுவது, எலும்பைச் சுத்தம் செய்து கோப்பது எல்லாம் டாக்டருக்குப் பழகிய வேலை. உயிர் போன பிறகு மிஞ்சுவதை வைத்து உயிரை அறிந்துகொள்கிற பயிற்சி அது. அதில் தவறு ஒன்றும் இல்லை. நம் வியாதிகளுக்கு இன்று மருந்து இருப்பது அந்தப் பயிற்சியால்தான்.

வந்த சில ஆண்டுகளில் அவருடைய கவனம் கடல் மேல் இருந்தது. ராமேஸ்வரத்தையும் அருகிலுள்ள தீவுகளையும் சேர்ந்த கடல் உயிர்களைப் பற்றிய அவருடைய முதல் அறிக்கை 1887இல் வந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு, கடல் உயிர்கள் பற்றிய நூல் 1890இல். அவர் சேகரித்து அனுப்பிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து விவரித்தார். அதே 1890இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயங்களைப் பற்றி தர்ஸ்டன் ஒரு புத்தகம் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். மியூசியத் தலைவர் என்றால் அன்று நாணயமும் சிலையும் பூச்சியும் ஒரே ஆளின் பொறுப்பு. 1896இல் அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டபோது அதையும் மியூசியத் தலைவரே பார்த்துக்கொண்டார். நம்மில் பலர் வெயிலுக்கு ஒதுங்கி இலக்கியவாதிகளான இடம் அது.

முத்துப் பார்களைப் பார்த்துவர அரசு ஏன் ஒரு விஞ்ஞானியை அனுப்பியது என்ற கேள்விக்குப் பதில் எளிது. முத்துக் குளிப்பு அரசின் ஏகபோகம். சிப்பி வளர்ந்தால் வருமானம், பாரில் சிப்பி அழிந்தால் நஷ்டம். இருந்தாலும் அந்தக் கடல் வேலையை நான் மதிக்கிறேன். ஒரு ஜாடியின் மேல் ஒட்டிய சீட்டு நேர்மையான எழுத்து. எங்கே எடுத்தது, எந்த ஆழத்தில், என்ன தேதி, யார் எடுத்தது, என்ன பெயர். ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. நம் விமர்சகர்களில் சிலர் ஓர் ஆண்டு காலம் இப்படிச் சீட்டு எழுதிப் பழகினால் தமிழுக்கு நல்லது.

இந்தச் சீட்டுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு சங்கு இன்னொரு சங்குக்குப் பதிலாக நிற்கும். மியூசியத்தில் இருக்கும் சங்கு அதன் இனத்துக்காக நிற்கிறது, தனக்காக அல்ல. பல சங்குகளைச் சேர்த்து அளந்தால் சராசரி கிடைக்கும், சராசரியில் இனம் தெரியும். சங்கின் விஷயத்தில் இது பெரும்பாலும் சரி. கொம்புத் திருக்கையில் ஒரு இனத்துக்கு 1908இல் தர்ஸ்டனின் பெயரையே விஞ்ஞானப் பெயராக வைத்தார்கள். அவர் சென்னையை விட்டுப் போன ஆண்டு அது. அந்தத் திருக்கை இன்றும் கடலில் இருக்கிறது, அருகிவரும் இனமாக. தன் பெயர் தர்ஸ்டன் என்பது அதற்குத் தெரியாது. பெயரால் அதற்கு லாபமோ நஷ்டமோ இல்லை.

3

1894இல் மியூசியத்தின் புல்லட்டின் வெளிவரத் தொடங்கியது. ஆரம்பத்தில் முத்து, சங்கு. 1896இல் நீலகிரியின் தோடர்களும் கோத்தர்களும். அடுத்து படகர்கள், இருளர்கள், மலபாரின் பணியர்கள். வெளியீடு ஒன்றுதான், நடத்தியவரும் ஒருவர்தான். சங்கிலிருந்து மனிதனுக்கு வந்த தாவல் அந்தப் பக்கங்களில் தாவலாகவே தெரியவில்லை. ஒரு அலமாரியிலிருந்து அடுத்த அலமாரிக்கு நடப்பது போல இருக்கிறது.

இதில் தர்ஸ்டன் தனி ஆள் இல்லை. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி 1891இல் தன் நூலை வெளியிட்டு ஒரு கோட்பாட்டை நிறுத்தியிருந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த எண் சிறிதானால் சாதி உயர்ந்தது, பெரிதானால் தாழ்ந்தது. ஆக சாதி என்பது ரத்தம், ரத்தத்தின் அத்தாட்சி மூக்கு. இன்று கேட்கச் சிரிப்பு வருகிறது. அன்று அது அரசாங்க விஞ்ஞானம். தர்ஸ்டனும் காலிப்பரைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் கிராமத்துக்கும் போனார். மூக்கை, மண்டையை, தோளை, உயரத்தை அளந்தார். சென்னையில் போலீஸ் அதிகாரிகளுக்கு இந்த அளவைக் கலையைப் பற்றி வகுப்பும் எடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால் அவர் திரட்டிய எண்களே ரிஸ்லிக்குச் சரியாக ஒத்துழைக்கவில்லை. சராசரிகளைப் பார்த்தால் ஏதோ ஏணி போலத் தெரியும். ஒவ்வொரு சாதியிலும் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் பார்த்தால் ஏணி கலைந்துவிடும். ஒரு சாதியின் மூக்கு இன்னொரு சாதியின் மூக்குக்குள் போய் நிற்கும். தர்ஸ்டன் இந்த எண்களை மறைக்கவில்லை, அச்சிட்டார். அது மியூசியக்காரனின் நேர்மை. ஆனால் அவற்றை முன்னிட்டு அளப்பதை நிறுத்தவும் இல்லை. 1932இல் குர்யே தன் நூலில் ரிஸ்லியின் ஏணி தென்னாட்டுக்குப் பொருந்தாது என்று காட்டினார். அதற்குள் காலிப்பர் தன் வேலையை முடித்திருந்தது.

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? இதற்கான பதிலும் தர்ஸ்டனின் எழுத்திலேயே இருக்கிறது. முகத்தின் கோணத்தை அளக்கும் கருவியைச் சிலர் சித்திரவதைச் சாதனம் என்று எண்ணிப் பயந்ததை அவர் குறித்து வைத்திருக்கிறார். வயநாட்டில் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்கள். தங்களில் நேர்த்தியானவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று அவர்கள் நம்பியதுதான் காரணம். இதைச் சொல்லிவிட்டு, அப்படி முடிந்தால் எவ்வளவு சௌகரியம், உருவபொம்மை செய்யும் தொல்லை தீருமே என்று அவர் ஒரு ஹாஸ்யமும் சேர்க்கிறார்.

ஹாஸ்யத்தை வைத்து ஒரு மனிதனைத் தூக்கிலிட நான் தயாராக இல்லை. ஆனால் அந்த இடத்தில் புத்திசாலிகள் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தங்களை நோக்கி வரும் முறை எது, அது தன் தர்க்கத்தின்படி எங்கே போய் முடியும் என்பதை அந்தப் பெண்கள் சரியாகவே ஊகித்தார்கள். எழும்பூரில் பொங்கல் கூட்டம் கண்டுகொண்டதும் வயநாட்டில் இவர்கள் கண்டுகொண்டதும் ஒன்றுதான்.

வேறு வழியே அன்று இருக்கவில்லை என்று சொல்வதும் சரியல்ல. 1906இல் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அவரும் மருத்துவம் படித்தவர், அவரும் கருவிகளோடு வந்தவர்தான். ஆனால் ஒரே ஒரு சமூகத்திடம் மாதக்கணக்கில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன உறவு, எந்த எருமை எந்தப் பால்மடத்துக்கு உரியது என்று கேட்டார். அந்தப் புத்தகத்தில் தோடர்களுக்குப் பெயர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது.

4

1901இல் இந்திய அரசு தொடங்கிய இனவரைவு ஆய்வின் சென்னை மாகாணப் பொறுப்பு தர்ஸ்டனிடம் வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1909இல், ஏழு தொகுதிகள். மியூசியத்தில் அவருக்குக் கீழ் பணியாற்றிய கே. ரங்காச்சாரியின் பெயரும் உதவியவராக அட்டையில் இருக்கிறது. ஜில்லா மானுவல்கள், ஜனத்தொகை அறிக்கைகள், பாதிரிமார்களின் குறிப்புகள், அதிகாரிகளின் கடிதங்கள், தானே நேரில் கண்டவை எல்லாம் அதில் கொட்டப்பட்டன. தமிழ்ப் பல்கலைக்கழகம் பின்னால் இதைத் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று தமிழிலும் கொண்டுவந்தது.

தொகுதிகளின் வரிசை ஆங்கில அகரவரிசை. முதல் பதிவு அபிஷேகப் பண்டாரங்களைப் பற்றியது. கடைசிப் பதிவு சோளத்தின் தெலுங்குப் பெயரால் அமைந்த ஒரு கிளைப்பெயர், இரண்டே வரி. நம் நாட்டில் சாதிகளைப் பற்றி யார் எழுதினாலும் உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் வழக்கம். தர்ஸ்டனிடம் பிராமணர் முதல் தொகுதியில் வருவது ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து என்பதால் மட்டுமே. அலமாரிக்காரனின் இந்த அலட்சியத்தில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன்.

இந்தத் தொகுதிகளைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் புரட்டுவது தன் சாதிப் பக்கத்தை. நானும் அதைத்தான் செய்தேன். தாலியின் வடிவம், பிணத்தை எடுக்கும் முறை, என்ன சாப்பிடுவார்கள், எந்தத் தெய்வம், எத்தனை பிரிவு எல்லாம் இருந்தன. பலவற்றை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பாட்டி அதில் இல்லை. அவள் அந்த வழக்கங்களில் சிலவற்றை வெறுத்தாள், சிலவற்றைத் தன் வசதிக்கு வளைத்தாள், ஒன்றை ஒரு நாள் பிடிவாதமாக நிறுத்தினாள். அது எந்தப் பதிவிலும் ஏறாது. சங்கு தன் ஓட்டின் சுருளோடு சண்டை போடுவதில்லை. மனிதன் போடுவான். சண்டை போடுவதை அளக்க காலிப்பரில் கோடு இல்லை.

5

சண்டை அப்போதே நடந்துகொண்டிருந்தது, அதுவும் மியூசியத்துக்கு வெகு அருகில். ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை எடுத்துப் பத்திரிகையின் நெற்றியில் எழுதினார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், தாழ்த்தப்பட்டது பின்னால் நடந்த சூழ்ச்சி என்று வாரம் தவறாமல் எழுதினார். எழும்பூரிலிருந்து ராயப்பேட்டை நடந்து போகிற தூரம். ஆனால் 1906இல் மியூசியத்தின் புல்லட்டினில் அதே மக்களைப் பற்றி வந்த கட்டுரையை எழுதியவர் கிளேட்டன் என்ற பாதிரியார்.

பண்டிதரின் சரித்திரத்தில் நமக்கு ஆட்சேபங்கள் இருக்கலாம். எனக்கும் சில உண்டு. விஷயம் அதுவல்ல. ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரு மக்களைப் பற்றி இரண்டு எழுத்துகள் உருவாகின. ஒன்றில் அவர்கள் வழக்கங்களின் தொகுப்பு. மற்றதில் அவர்கள் வஞ்சிக்கப்பட்டவர்கள், வழக்காடுகிறவர்கள், கடந்த காலமும் எதிர்காலமும் உடையவர்கள். நூலகங்களில் தோல் அட்டையோடு நின்றது முதலாவது. இரண்டாவது பழைய தாள்களாகக் கிடந்து, பண்டிதரின் எழுத்துகள் தொகுப்பாக நம் கைக்கு வர 1999 ஆயிற்று.

இன்னும் ஒன்று. நாடார்களைப் பற்றிய நீண்ட பதிவு தர்ஸ்டனின் ஆறாம் தொகுதியில் அவர்கள் மறுத்த பழைய பெயரின் கீழ் இருக்கிறது. கோயில் நுழைவுக்காக அவர்கள் நடத்திய கமுதி வழக்கையும் அந்தப் பதிவு சொல்கிறது. அதாவது பதிவின் உள்ளேயே அந்த மக்கள் தலைப்பை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தலைப்பு அசையவில்லை. 1921இல் அரசே நாடார் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. புத்தகத்தின் சீட்டு 12 ஆண்டுகளில் காலாவதியானது.

எல்லாச் சீட்டுகளும் இப்படி உதிர்ந்துவிடவில்லை. குற்ற வகுப்பினர் என்ற சொல் மாகாணத்தின் போலீஸ் நூல்களில் ஏற்கனவே ஊறியிருந்தது, தர்ஸ்டனும் அந்த நூல்களை எடுத்தாண்டார். 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. இந்தச் சட்டத்தைத் தர்ஸ்டன் செய்யவில்லை, துப்பாக்கியை அவர் தொடவுமில்லை. அப்போது அவர் இங்கிலாந்தில் ஓய்விலிருந்தார். ஆனால் ஒரு மனிதனைப் பார்க்கும் முன்பே அவன் எந்த இனத்தின் மாதிரி என்று தெரிந்துவிடுகிற பார்வை போலீஸ்காரனுக்கும் மியூசியக்காரனுக்கும் பொது. அதற்கு வகுப்பெடுத்தவர்களில் தர்ஸ்டன் ஒருவர்.

ஓய்வில் அவர் தென்னிந்தியச் சகுனங்களையும் மூடநம்பிக்கைகளையும் பற்றி 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். கடைசிக் காலத்தில் கார்ன்வாலின் மரங்களையும் புதர்களையும் பட்டியலிட்டு 1930இல் ஒரு புத்தகம் போட்டார். 1935இல் இறந்தார். கடற்பஞ்சில் தொடங்கி மரத்தில் முடிந்த வாழ்க்கை. நடுவில் நாம்.

6

அந்த நாற்காலியின் கதை அதோடு முடியவில்லை. 1920 முதல் 1940 வரை அதில் இருந்த கிரேவ்லி சிலந்திகளை ஆராய்ந்தவர். அவர் தன் வகைப்படுத்தும் பழக்கத்தை உலோகச் சிலைகள் பக்கம் திருப்பினார். டி. என். ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932இல் அவர் வெளியிட்ட செப்புத் திருமேனிகளின் பட்டியலை இன்றும் கலை விமர்சகர்கள் புரட்டுகிறார்கள். மியூசிய முறை மனிதனை விட்டு மனிதன் செய்த பொருளின் மேல் திரும்பியபோது பலன் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1940இல் ஏ. அய்யப்பன் கண்காணிப்பாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். கேரளத்து ஈழவர். தர்ஸ்டனின் தொகுதிகளில் ஒரு பதிவாக இருந்த சாதியைச் சேர்ந்தவர் தர்ஸ்டனின் மேஜைக்கு வந்தார். லண்டனில் மானிடவியல் படித்துத் திரும்பியவர். நெருங்கினாலே தீட்டு என்று எல்லோரையும்விட அதிக தூரத்தில் நிறுத்தப்பட்ட நாயாடிகளைப் பற்றி 1937இல் மியூசிய வெளியீடாக எழுதினார். அதில் அவரும் உடலை அளந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கருவி அவ்வளவு எளிதில் கையை விடுவதில்லை. ஆனால் 1940களில் அதே மியூசிய வரிசையில் தன் சொந்த மக்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலின் பெயரிலேயே மாற்றம் என்ற சொல் இருக்கிறது. பிறகு 1965இல் ஒரு கேரள கிராமத்தைப் பற்றி எழுதியபோது அதைச் சமூகப் புரட்சி என்றார். பதிவிலிருந்து எழுந்து வந்தவன் எழுதும்போது முதலில் திரும்பக் கிடைப்பது காலம்.

7

இதையெல்லாம் சிறுபத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. நம் நாவல்களில் தர்ஸ்டன் குடியிருக்கிறார். ஒரு வட்டாரத்தை, ஒரு சாதியை, அதன் சடங்கை, பேச்சை, சமையலை நுணுக்கமாகக் கொண்டுவந்துவிட்டால் வாழ்க்கை வந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடம் பலமாக இருக்கிறது. விமர்சகனும் தகவல் சரியா என்று பார்த்து, சரி என்றால் மண்வாசனை என்று முத்திரை குத்துகிறான். தாலியின் வடிவம் சரி, பிணம் எடுக்கும் முறை சரி. அந்தத் தாலியைக் கட்டிக்கொண்டவள் எங்கே என்று கேட்டால் அவள் தன் சாதிக்குப் பதிலாக நின்றுகொண்டிருக்கிறாள்.

தகவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தகவல் இல்லாத எழுத்து காற்று. இந்த ஏழு தொகுதிகளும் இல்லாவிட்டால் நமக்கு எவ்வளவோ தெரியாமல் போயிருக்கும். என் ஆட்சேபம் ஒரு வினைமுற்றைப் பற்றியது. தமிழில் ‘செய்வார்கள்’ என்றால் எப்போதும் செய்வார்கள் என்று பொருள். ‘இவர்கள் பிணத்தைப் புதைப்பார்கள், பதினாறாம் நாள் சோறு படைப்பார்கள்.’ இந்த வாக்கியத்தில் நேற்றும் நாளையும் இல்லை. யாரும் ஒரு நாள் மறுப்பதில்லை. நம் நாவல்களில் பக்கம் பக்கமாக இந்த வினைமுற்று ஓடுவதைப் பாருங்கள். ‘செய்தாள்’ என்று எழுதும் இடத்தில்தான் ஒருத்தி ஒரு நாளில் நின்று ஒரு காரியம் செய்கிறாள். வழக்கப்படி செய்தாளா, வழக்கத்தை மீறிச் செய்தாளா என்பது அதற்குப் பிறகுதான் கேள்வியாகிறது. கதை அங்கேதான் ஆரம்பம்.

தர்ஸ்டனின் எழுத்திலும் இந்த இறந்தகாலம் ஆங்காங்கே தப்பி வந்து விழுந்திருக்கிறது. வயநாட்டுப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள், ஓடினார்கள். பணியர்கள் அளப்பவரைக் கண்டால் ஓடும் வழக்கமுடையவர்கள் என்று அவர் எழுதவில்லை. அவ்வளவு பக்கங்களில் எனக்கு இன்னும் மறக்காமல் இருப்பது அந்த ஓட்டம்.